நூறாவது ஆள்

சிதறிக் கிடந்த தாள்களைத் தாண்டி அம்மா போய்க்கொண்டே இருந்தாள்.

பார்க்காமல் போயிருந்தால்கூடப் பரவாயில்லை. திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். பார்த்துவிட்டு நடையை இன்னும் எட்டிப் போட்டாள். அடுத்த நொடி கேமராவுக்கு எட்டாத தூரம் போய்விட்டாள்.

திரையில் இதைப் பார்த்த மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. பக்கத்தில் பேராசிரியர் வேறு.

மனிதர்களின் நல்ல குணத்தை அளக்க முடியுமா? இதுதான் மகளின் ஆராய்ச்சி. 'நான் பிறருக்கு உதவுவேன்' என்று படிவத்தில் யார் வேண்டுமானாலும் டிக் அடித்துவிடலாம். காசா, பணமா? அதனால், படிவத்தைக் கொடுத்துவிட்டு வராந்தாவில் நடப்பவர் எதிரே ஒரு மாணவி கை நிறையத் தாள்களோடு வந்து, தவறுவதுபோல் கீழே போடுவாள். குனிந்து பொறுக்கிக் கொடுத்தால் பத்து மதிப்பெண். கண்டுகொள்ளாமல் போனால் சைபர்.

தொண்ணூற்றொன்பது பேர் முடிந்தார்கள். நூறாவது ஆள் கடைசி நிமிஷத்தில் காலை வாரிவிட்டார். அடுத்த வாரம் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து, மகளின் கோட்டுக்குப் புது லைனிங் தைத்து எடுத்துக்கொண்டு அம்மா வந்து நின்றாள்.

"ஒரே ஒரு படிவம்மா. நிரப்பிட்டு வராந்தா வழியா போயிடு."

அம்மாவுக்கு ஆராய்ச்சி பற்றி ஒன்றும் தெரியாது என்பதால் பேராசிரியரும் தலையாட்டிவிட்டார்.

மகளுக்கு உள்ளூர ஒரு ஆசையும் இருந்தது. தையல் கடையில் முப்பது வருஷம் மெஷின் மிதித்துத் தன்னைப் படிக்க வைத்தவள், பத்துக்குப் பத்து வாங்குவதைப் பேராசிரியர் பார்க்கட்டுமே!

பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

"விடும்மா," என்றார், கண்ணாடியைத் துடைத்தபடி. "நாளைக்கு வேற யாரையாவது பிடிச்சுக்கலாம். இதை அழிச்சிடு. யாருக்குத் தெரியப்போகுது?"

மகளின் விரல் அழிக்கும் பொத்தான் வரைக்கும் போனது. அங்கேயே நின்றது.

"வேற யாரோட அம்மாவாவது இப்படிப் போயிருந்தா அழிச்சிருப்பேனா சார்?"

நூறாம் எண்ணுக்கு நேரே சைபர் தட்டினாள். கண்ணில் நீர் முட்டியது.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு மாணவி வந்தாள். அவள் இடுப்பைச் சுற்றி அம்மாவின் ஸ்வெட்டர். பின்னாலேயே அம்மா.

"என் பை எங்கடி? கறுப்பு நூல் அதுலதான் இருக்கு."

"எதுக்கும்மா இப்ப நூல்?"

மாணவி முந்திக்கொண்டாள். "குனிஞ்சு குனிஞ்சு பேண்ட்டோட பின்தையல் விட்டுப்போச்சுக்கா! எனக்கே தெரியலை. ஆன்ட்டிதான்..."

"தாள் விழுந்த சத்தத்துல தையல் பிரிஞ்சது இவளுக்குக் கேக்கலை. எனக்குக் கேக்காதா?" என்றாள் அம்மா, பையைக் குடைந்துகொண்டே. "திரும்பிப் பாத்தா, பின்னாடி விட்டுப்போனதுகூடத் தெரியாம குனிஞ்சு தாள் பொறுக்கிட்டிருக்கு பொண்ணு. அந்தப் பக்கம் லிஃப்ட்லேருந்து நாலஞ்சு பசங்க சிரிச்சுப் பேசிட்டு வராங்க. நான் காகிதம் பொறுக்கிட்டு உக்காந்திருந்தா, நேரா இவ பின்னாடி வந்து நின்னிருப்பாங்க. அதான் ஓடிப்போய் மறிச்சேன். 'தரையைக் கழுவிட்டிருக்காங்க தம்பி, சுத்திப் போங்க'ன்னு திருப்பி அனுப்பிட்டு வந்தேன். பொய்தான். என்ன பண்றது?"

பேராசிரியர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"சபாஷ்! அந்த சைபரை எடுத்துட்டுப் பத்து போடும்மா!"

மகளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. ஆனால் அந்த சைபரை மாற்ற மட்டும் கை போகவில்லை.

"இல்ல சார். இன்னும் முப்பத்தேழு பேருக்கு சைபர் போட்டிருக்கேன். அவங்க ஏன் நிக்காம போனாங்கன்னு நான் ஒரு வார்த்தை கேக்கலையே! எங்கம்மாவுக்கு மட்டும் இந்த அறைக்குள்ள வந்து சொல்ல முடிஞ்சுது. அதுக்காகப் பத்தா?"

"அத்தனை பேரையும் தேடிப்பிடிச்சுக் கேக்கப்போறியா? ஆறு மாசம் தள்ளிப்போயிடும்மா. பட்டமும்தான்."

"போகட்டும் சார். எல்லாரையும் கேட்டு முடிக்கிற வரைக்கும் எங்கம்மாவுக்கும் சைபர்தான்."

அம்மா ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டிருந்தவள், நிமிர்ந்தாள்.

"எனக்கு சைபரா?"

"ஆமாம்மா."

"நீயா போட்டே?"

"நானேதான்மா."

முதலில் அழிக்கச் சொன்னதற்கும் மகள் மறுத்துவிட்டதைப் பேராசிரியர் சொன்னார். அம்மா கேட்டுக்கொண்டே பேண்ட்டைத் தைத்துக் கொடுத்தாள். பையை எடுத்துக்கொண்டாள். பேருந்தில் ஏறி உட்கார்ந்த பிறகும் மகள் பக்கம் திரும்பவில்லை.

இரண்டு நிறுத்தம் போனதும் தன் தங்கைக்குப் போன் போட்டாள். பேருந்து முழுக்கக் கேட்கிற குரல்.

"விஷயம் கேட்டியாடி? எனக்கு சைபர் போட்டுட்டா!"

மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஆமாடி, உன் அக்கா பொண்ணுதான்! அவங்க சாரே அழிச்சிடுன்னாராம், மாட்டேன்னிருக்கா. பத்து போடுன்னும் சொன்னாரு, என் கண்ணு முன்னாடி. அதுக்கும் மாட்டேன்னுட்டா! பட்டம் ஆறு மாசம் தள்ளிப்போனாலும் பரவாயில்லையாம். பெத்தவன்னுகூடப் பாக்கலைடி!"

முந்நூறு சட்டைக்குப் பட்டன் காஜா எடுத்தாலும் நிமிராத அம்மாவின் முதுகு, இப்போது சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது.

"நான் வளத்த பொண்ணுடி அவ!"