சனி வாயை மூடியது

"மிஸ், நிலாவுக்குப் போனா ஒண்ணுக்கு எங்க போறது?"

ஒரு கையில் டார்ச், மறு கையில் நீலப் பந்து. டீச்சருக்கு வியர்த்தது. பாடம் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"ராக்கெட்டுக்குள்ளயே இடம் இருக்கும்."

"கேக்கலை மிஸ்!"

அதுதான் சிக்கல். போன இரண்டு பள்ளிகளிலும் 'விஷயம் தெரிந்த பெண், குரல்தான் தொண்டையைத் தாண்டவில்லை' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த வேலையும் கைநழுவினால் இன்னொரு பள்ளியின் படி ஏற அவளுக்குத் தெம்பில்லை.

எதிரே தரையில் மூன்று பேர். கழுத்தில் ஆளுக்கொரு அட்டை: புதன், வியாழன், சனி.

"எனக்குச் சனி வேண்டாம். மாத்திக் குடுங்க," என்று அட்டையை மாட்டும்போதே சனி முரண்டு பிடித்திருந்தது. வளையம் இருக்கிறது, அழகாக இருக்கும் என்று கெஞ்சித்தான் மாட்டிவிட்டாள்.

வியாழன் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது.

"இந்த டார்ச்தான் சூரியன். இந்தப் பந்து பூமி."

"ராத்திரி சூரியனை யாரு மிஸ் அணைக்கறது?" இது புதன்.

"யாரும் அணைக்கறதில்லை. பூமி சுத்துதா, நாமதான் சூரியனுக்கு முதுகைக் காட்டிட்டுப் போறோம்."

"பூமி சுத்தினா நமக்கு ஏன் தலை சுத்தலை?"

"குலுங்காம ஓடற பஸ்ல உட்கார்ந்தா, ஓடறதே தெரியாதில்லையா? அது மாதிரி..."

"பொய்! மிஸ் புளுகறாங்க!" சனி கத்தியது. வியாழன் கைதட்டியது. புதன் பாய்ந்து டார்ச்சைப் பிடுங்கியது.

"மிஸ்ஸுக்கு ஒண்ணுமே தெரியலை!"

டீச்சருக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் குரல்.

"சனி! வாயை மூடிட்டு உட்காரு! வியாழன், பிஸ்கட்டைக் கீழ வை! புதன், சூரியனைக் குடு இங்க!"

மூன்றும் கப்சிப். வியாழன் மென்றதைக்கூட விழுங்கவில்லை. அதே குரலில் பகலையும் இரவையும் தடுமாறாமல் சொல்லி முடித்தாள்.

சனி முழங்காலைப் பிடித்துக்கொண்டு, வியாழனாக இருந்த தன் கணவர் ஒரு பக்கமும் புதனாக இருந்த மகன் ஒரு பக்கமும் தாங்க, மெல்ல எழுந்தது.

"நாளைக்கு ஸ்கூல்ல நிஜப் பிள்ளைங்க முன்னாடியும் இப்படியே பேசும்மா, வேலை உனக்குத்தான்," என்றார் மாமியார். "ஆனா வீட்டுக்கு வர்றப்போ அந்தக் குரலை அங்கேயே விட்டுட்டு வந்துடு."