நிதிஷ் வாங்கிய வீடு

கனடாவில் வீடு வாங்கிய நிதிஷ், அதைப் படம்பிடித்து சிடியில் அனுப்பியிருந்தான். அனல்மின் நிலையத்தை ஒட்டிய நெட்டுக்குப்பத்தில் அம்மா குப்பம்மாவுக்கு அதைப் போட்டுக் காட்டினாள் தங்கை நர்மதா.

“இன்னாடி, ரோட்லேர்ந்து வூடு இம்மாந்தூரத்துல கீது?”

“அந்த வழி பூரா நம்மளுதும்மா. அதுக்காவே வாங்கிச்சாம் அண்ணன்.”

“அக்கம்பக்கத்துல ஒரு வூட்டையும் காணோமே?”

“அமைதியா இருக்கட்டும்னுதான்.”

“போடி! எல்லாரும் காலி பண்ணிகினு ஓடிட்டானுங்க. ஏமாந்தவன் தலையில கட்டிட்டானுங்க.” குப்பம்மா போனை எடுத்து நர்மதாவிடம் நீட்டினாள். “போன் போடு. வித்துட்டு வரச் சொல்லு.”

“இன்னாம்மா பேஜாரு பண்ற? ஆசையா வாங்கிக்கீது.”

திரையில் வழியெல்லாம் வெள்ளையாகக் குவிந்து கிடந்தது. அதை வாரித் தள்ளிக்கொண்டிருந்த நிதிஷ், சிரித்தபடி ஒரு பிடி அள்ளி வாயில் போட்டான்.

“அய்யோ, துப்புடா!” அலறிக்கொண்டு டிவியின் மேல் பாய்ந்தாள் குப்பம்மா. “நம்மூரு பொகைக்கூண்டுலேர்ந்து தெனம் கொட்டுற அதே சாம்பல்டா! உங்க நைனா நெஞ்சுல பூந்து கொன்னதும் அதுதான்டா!”

“அம்மா, அது பனிம்மா!” என்று அவளைப் பிடித்து இழுத்தாள் நர்மதா.

குப்பம்மா விடவில்லை. திரையில் தெரிந்த மகனின் வாயை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். டிவி மேல் காலையிலிருந்து படிந்திருந்த சாம்பல், முந்தானை முழுக்க ஒட்டியிருந்தது.