பாக்கீத்தோவை யார் பார்த்துக்கொள்வது?

"கையெழுத்துப் போட்டுட்டா அப்புறம் வாபஸ் வாங்க முடியாதும்மா, அதான் சட்டம். நல்லா யோசிச்சுட்டீங்களா?" என்று கேட்டார் நோட்டரி செராஃபின்.

ஃபுவென்சாந்தா பேனாவைப் பத்திரத்தின் மேல் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் ஹினெஸ் எப்போதோ கையெழுத்துப் போட்டுவிட்டு, சுவரில் மாட்டியிருந்த திராட்சைத் தோட்டத்துப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரே அவர்கள் மகள் நயாரா. வயது பதினாறு. பத்திரம் அவளுக்காகத்தான். அப்பாவும் அம்மாவும் கையெழுத்துப் போட்டுவிட்டால், பதினெட்டு ஆகும்வரை காத்திருக்காமல் இன்றைக்கே அவள் வயது வந்தவள். கார்த்தஹேனா துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறையில் திங்கட்கிழமை வேலைக்குச் சேரலாம். தன் பெயரிலேயே வாடகைக்கு வீடு எடுக்கலாம். அம்மா முடியாது என்றுவிட்டால் எல்லாம் போச்சு.

"எங்க வம்சத்துலயே கல்யாணம் ஆகாம யாரும் வீட்டை விட்டுப் போனதில்ல சார்," என்றாள் ஃபுவென்சாந்தா.

"நீ கல்யாணம் ஆகியும் ரெண்டு தெரு தள்ளித்தானேம்மா போனே?"

"வாயப் பாருங்க சார் இவளுக்கு! ஏண்டி, ராத்திரி காய்ச்சல் வந்தா என்ன பண்ணுவே?"

"மாத்திரை போட்டுட்டுப் படுப்பேன்."

"சாப்பாடு?"

"இப்பவே பாதி நாள் நான்தானேம்மா சமைக்கறேன்? போன ஞாயித்துக்கிழமை மூணு தட்டு வாங்கிச் சாப்பிட்டது யாரு?"

நோட்டரி சிரித்துவிட்டார். "பொண்ணு விவரமாத்தான் இருக்கா. இன்னும் என்னம்மா தயக்கம்?"

"இவளப் பத்தி எனக்கென்ன சார் கவலை? இவளக் கொண்டுபோய்க் காட்டுல விட்டாக்கூட நரிங்களக் கூப்பிட்டு வேலை வாங்குவா. என் கவலையெல்லாம் பாக்கீத்தோவப் பத்தித்தான்."

"அது யாரு?"

"என் பையன். இவ கூடப் பிறந்தவன். நேத்துப் பூரா ஒரே அழுகை. 'நயாரா போயிட்டா எனக்கு மீன்ல முள்ளு எடுத்துத் தர யாரு இருக்கா?'ன்னு கேக்கறான்."

நோட்டரியின் முகம் இளகியது. "அடப் பாவமே! இப்ப எங்க விட்டுட்டு வந்தீங்க?"

"கீழ காப்பிக் கடையில. சாக்லேட் பால் வாங்கிக் குடுத்து உக்கார வெச்சிருக்கேன்."

"தனியாவா?"

"கடைக்காரம்மா பாத்துக்குவாங்க. இடத்தை விட்டு நகரக் கூடாதுன்னு கண்டிப்பாச் சொல்லிட்டுத்தான் வந்தேன்."

"ரெண்டு கேக்கு வேற கேட்டான்," என்றார் ஹினெஸ். உள்ளே வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அது.

"காலையில அவன எழுப்பறது இவதான் சார். சாக்ஸை ஜோடி சேத்து எடுத்து வெக்கறது இவ. பல் டாக்டர்கிட்டப் போனாப் பக்கத்துல நின்னு கையப் பிடிச்சுக்கறதும் இவ. இடி இடிச்சா இவ ரூமுக்குத்தான் ஓடுவான்."

"இடிக்கு மட்டும் இல்ல சார்," என்றாள் நயாரா, "பக்கத்து வீட்டு நாய் குரைச்சாலும்தான். அது என் செருப்பு உசரம்கூட இருக்காது."

"வளர வளரச் சரியாயிடும்மா," என்று ஆறுதல் சொன்னார் நோட்டரி.

"அப்படித்தான் சார் நானும் நினைச்சேன்," என்று பெருமூச்சு விட்டாள் ஃபுவென்சாந்தா.

பிறகு பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டாள்.

"ஒரே ஒரு நிபந்தனை. போகும்போது பாக்கீத்தோவையும் உன்னோட கூட்டிட்டுப் போயிடணும். சரின்னு சொல்லு, இப்பவே போடறேன்."

நயாரா அப்பாவைப் பார்த்தாள். அப்பா திராட்சைத் தோட்டத்தைப் பார்த்தார்.

"அம்மா, நானே புது இடத்துக்குப் போறேன். பகல் பூரா பட்டறையில இருப்பேன். அவன எப்படிம்மா..."

"முடியாதா? அப்பப் பதினெட்டு முடியட்டும். மெதுவாப் போகலாம், என்ன அவசரம்?"

இன்னும் இரண்டு வருஷம். பட்டறைக்காரர் இரண்டு நாள்கூடக் காத்திருக்க மாட்டார். நயாரா கண்ணை இறுக மூடித் திறந்தாள்.

"சரி. கூட்டிட்டுப் போறேன். ஆனா சாக்ஸை அவனேதான் ஜோடி சேத்துக்கணும். சொல்லிட்டேன்."

"சேத்துப்பான், சேத்துப்பான்!"

நோட்டரி குறுக்கே பேச வாயெடுப்பதற்குள் ஃபுவென்சாந்தா பேனாவைச் சட்டென்று எடுத்துக் கையெழுத்துப் போட்டு, கீழே ஒரு கோடும் சுழித்துவிட்டாள். அம்மா மனசு மாறிவிடுமோ என்ற பயத்தில் நயாராவும் அவசர அவசரமாகத் தன் பங்குக்குப் போட்டாள்.

நோட்டரியின் காது மடல்கள் சிவந்துவிட்டன. "என்னம்மா அநியாயமா இருக்கு! பெத்தவங்க ரெண்டு பேரும் கல்லுக்குண்டாட்டம் இருந்துக்கிட்டு, பதினாறு வயசுப் பொண்ணு தலையில ஒரு சின்னப் பிள்ளையைக் கட்டி அனுப்பறீங்களே! திடீர்னு ஊரை மாத்தினா அவன் பள்ளிக்கூடம் என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"அதெல்லாம் அப்பவே யோசிச்சு, அவன் பேர்ல நானே மாற்றலுக்கு எழுதிப் போட்டு, ஆர்டரும் வந்தாச்சு சார்," என்றாள் ஃபுவென்சாந்தா, கைப்பையை மாட்டியபடி எழுந்துகொண்டே. "இங்க மாதிரியே அங்கயும் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார்தான். வர்ற மார்ச்ல முப்பத்தேழு முடியுது, இன்னும் என்ன சார் சின்னப் பிள்ளை?"