பேர் மாற்றாத ஃபியட்

"போன மாசம் வாங்கின பழைய ஃபியட் சார். கரையான்சாவடியில லாரி இடிச்சு நசுங்கிப் போச்சு" என்றார் பக்கீர் முகமது.

"வாங்கினதும் பாலிசியை உங்க பேருக்கு மாத்தினீங்களா?"

"இல்ல சார்."

இன்சூரன்ஸ் ஆபீசர் செபாஸ்டியனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து வருகிறவர்களெல்லாம் இதே ரகம்.

"வண்டி உங்க பேர்ல, பாலிசி வித்தவன் பேர்ல. ஒரு பைசா கிடைக்காது! எத்தனை பேருக்குத்தான் சொல்லித் தொலைக்கிறது? வித்த அறிவுகெட்டவன் இதைச் சொல்லலையா?"

"கேட்டேன் சார். 'பேரெல்லாம் இன்னாத்துக்கு மாத்தறே? அந்த ஆபீஸ்ல நம்ம மாப்ளதான் கீறாரு, எல்லாம் பாத்துக்குவாரு'ன்னாரு."

செபாஸ்டியன் பேனாவைக் கீழே வைத்தார்.

"உங்க மாமனாரு வாசல்லதான் சார் நிக்கறாரு. கூப்பிடட்டுங்களா?"