லினக்ஸில் ஓடும் கண்ணாடி

தொற்று வார்டுக்குள் யாரையும் விடுவதில்லை. வீட்டிலேயே விஆர் கண்ணாடி மாட்டிக்கொண்டால், நம் உருவம் நோயாளியின் கட்டிலருகே எல்லோருக்கும் தெரியும்படி போய் நிற்கும். மனைவி பூவாத்தாளை இன்றைக்கே பார்த்துவிடச் செங்கோடனிடம் சொல்லியிருந்தார் டாக்டர்.

அவர் கம்ப்யூட்டரில் இருந்தது எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லாத லினக்ஸ். கடையில் ஒரே ஒரு கண்ணாடிதான் அதில் ஓடும் என்றார்கள்.

"ஆனா அதுல உங்க உருவமும் பேச்சும் அந்தப் பக்கம் போறது சந்தேகந்தானுங்க. பேசாம வேற கண்ணாடி வாங்கி, கம்பெனில ஒரு அக்கவுண்ட் தொறந்துக்குங்க," என்றார் கடைக்காரர்.

முப்பது வருஷமாக எந்தக் கம்பெனியின் நிபந்தனைக்கும் சம்மதம் சொல்லாத வீறாப்பு செங்கோடனுக்கு. "அதெல்லாம் நானே சரி பண்ணிக்குவனுங்க."

மதியம் முழுக்க மல்லுக்கட்டிய பிறகு வார்டு தெரிந்தது. பக்கத்துக் கட்டிலைச் சுற்றி ஒரு குடும்பமே உருவங்களாக நின்றது. பூவாத்தாள் எலும்பும் தோலுமாகக் கிடந்தாள்.

"பூவா, வந்துட்டேன்."

அவள் நர்ஸிடம் திரும்பினாள். "எங்கூட்டுக்காரரு வந்தாருங்களா?"

"யாரும் வர்லீங்க்கா."

"அந்த லினக்ஸைக் கட்டிட்டு அழுதுட்டிருப்பாரு. எப்படியும் வந்துருவாரு," என்று சொல்லிவிட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கதவுக்கும் அவளுக்கும் நடுவில் நின்று செங்கோடன் கத்திக்கொண்டிருந்தார்.