பர்மா பழக்கம்

"உன் குதிரை மேலே புகார் அர்ஜி வந்திருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர் நாகபூஷணம், ஜட்காவில் ஏறாமலே.

"குதிரை மேலே மட்டும்தானே சார்?" என்றான் கன்னையா.

"ஏமய்யா, கிண்டலா? நடுரோட்டுல நின்னுடுதாமே! போன வாரம் ஒரு வளையல் வியாபாரி இதனால மெட்ராஸ் ரயிலை விட்டுட்டாராம். இன்னிக்கு மலையடி அலிபிரியிலிருந்து ஸ்டேஷன் வரைக்கும் நானே உட்கார்ந்து பார்க்கப்போறேன். நின்னுதுன்னா லைசென்ஸ் கிடையாது."

கன்னையாவின் பழைய லைசென்ஸ் இந்த மாசத்தோடு முடிகிறது. ஆந்திர ராஜ்யம் பிறந்து பத்து மாசம் ஆகியும், நகரி, புத்தூர்ப் பக்கமெல்லாம் எங்கள் ஊர் மெட்ராஸோடா ஆந்திராவோடா என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். கன்னையாவுக்கு எந்த ராஜ்யத்து முத்திரையாக இருந்தாலும் சரி, லைசென்ஸில் விழுந்தால் போதும். விழாவிட்டால் ஜட்காவை உடைத்து அடுப்பில் வைக்க வேண்டியதுதான்.

"சுபேதார் சும்மா நிக்காது சார்" என்றான், அவர் ஏறியதும் குதிரையைத் தட்டிக் கிளப்பிக்கொண்டே. "பர்மா சண்டைக்குப் போய் வந்த குதிரை. அடிபட்ட சிப்பாய்ங்களைச் சுமந்துக்கினு வர்றதுதான் அங்கே அதுக்கு வேலை. அந்தப் பழக்கம் விடலை. யாராச்சும் நொண்டிக்கினு போறதைப் பார்த்தா நின்னுடும். ஏத்திக்கினாத்தான் நகரும்."

"ஓஹோ."

"ஒருக்கா ஒரு தொரைக்குத் தொடையில குண்டு பாஞ்சுடுச்சு. முதுகுல போட்டுக்கினு மூணு ஆறு நீந்திச்சு சார். ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கி விட்டுட்டு ஒரு சல்யூட் வேற அடிச்சுது."

"யாரு, குதிரையா?"

"முன்னங்கால்ல சார். வலது கால்."

நாகபூஷணம் சிரிக்கவில்லை. ரோட்டைக் காட்டினார். மொட்டைத் தலையில் சந்தனமும் கையில் லட்டுப் பொட்டலமுமாக, மலையை விட்டுப் படிவழியே இறங்கிய கூட்டம் போய்க்கொண்டிருந்தது. ஒருவர் பாக்கியில்லாமல் தொடையைப் பிடித்துக்கொண்டு தாங்கித் தாங்கி நடந்தார்கள்.

"இங்க அத்தனை பேரும் நொண்டிதான். எல்லாருக்கும் நின்னா நாம ஸ்டேஷன் போய்ச் சேர நாளைக்கு ஆயிடும்."

"சண்டைக்குப் பயந்துக்கினு பொய்யா நொண்டின சிப்பாய்ங்களையும் பார்த்த குதிரை சார். அதுக்கு ஆள் தெரியும்."

அந்த நேரம் பார்த்து, கழுத்தில் தங்கச் சங்கிலி மின்ன ஒரு மொட்டை, "ஜட்கா! ஜட்கா!" என்று நொண்டியபடி குறுக்கே வந்தார். சுபேதார் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சத்திரம் தாண்டியாயிற்று. சற்று முன்னால், தலையில் கொய்யாக்கூடையோடு கமலம்மா. யானைக்கால். சந்தைக்கு இன்னும் ஒரு மைல் இருக்கிறது.

கன்னையா மலைப் பக்கம் பார்த்து ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தான்.

சுபேதார் நின்றுவிட்டது.

நாகபூஷணம் பையிலிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"வாணாம் கன்னையா, என்கிட்ட துட்டு இல்லை. நான் நடந்துக்கினே போறேன்" என்றாள் கமலம்மா.

"நான் எங்கேம்மா கூப்பிட்டேன்? சிப்பாய்க் குதிரை நிக்குது. நீ ஏறாம நகராது. சார் வேற அவசரமாப் போவணும்."

"தொல்லை பிடிச்ச குதிரை" என்று கமலம்மா சலித்துக்கொண்டாள். ஆனால் கூடையில் பழுத்ததாக ஒன்றைத் தேடி எடுத்து அதன் வாயில் கொடுத்தாள். "இந்தாடா சுபேதாரு. கன்னையாவுக்காவ இல்லை, உனக்காவத்தான் ஏர்றேன். வண்டிச் சத்தம் சரியாப் போச்சா?"

கூடை வைக்க இடமில்லை. சந்தை வரைக்கும் அது இன்ஸ்பெக்டரின் காக்கி மடியில்தான் வந்தது.

ஸ்டேஷனில் இறங்கிய நாகபூஷணம் நேரே குதிரைக்கு முன்னால் போனார். ஒரு கையால் தாடையைப் பிடித்து, இன்னொரு கையால் உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்தார். பழகின கை. சுபேதார் தலையை ஆட்டக்கூட இல்லை.

"சண்டை முடிஞ்சு எத்தனை வருஷம் ஆச்சு கன்னையா?"

"ஒம்பது சார்."

"உன் சுபேதாருக்கு வயசு ஆறு."

கன்னையா ஜட்காவில் இல்லாத தூசியைத் தட்டத் தொடங்கினான்.

"நான் பர்மாவுல மூணு வருஷம் குதிரை ஆஸ்பத்திரியில காயத்துக்குக் கட்டுப் போடற டிரெஸ்ஸரா இருந்தவன். அந்தம்மாவைப் பார்த்ததும் நீ சுண்டு விரலால கடிவாள வாரை இழுத்தியே, அதையும் பார்த்தேன்."

கன்னையா தலையைக் குனிந்துகொண்டான். "நான் ஏறச் சொன்னா, பிச்சை போடறியான்னு திட்டுவாங்க சார். வண்டியில இருக்கறவங்க, நாங்க துட்டு குடுத்து வந்துக்கினு இருக்கோம், இவங்க எதுக்குன்னுவாங்க. குதிரை தானா நின்னா ஒருத்தரும் வாயைத் திறக்கறதில்லை. பட்டாளத்துக் குதிரையாச்சே!"

நாகபூஷணம் சுபேதாரின் கழுத்தை மெல்லத் தடவினார்.

"முட்டளவு சேத்துல எங்களோடவே நடந்துதுங்க. எங்க குதிரைங்கள்ல ஒண்ணுகூட ஊர் திரும்பலை. உன்னுது ஒண்ணாவது திரும்பி வந்ததா இருந்துட்டுப் போகட்டும்."

நோட்டுப் புத்தகத்தை விரித்து, வாய்விட்டுப் படித்தபடியே எழுதினார்: "குதிரை ராணுவத்தில் பணி செய்தது. நொண்டுகிறவர்களைக் கண்டால் நிற்கும். திருத்த முடியாது. லைசென்ஸ் கொடுக்கலாம்."

கையெழுத்துப் போட்டுவிட்டு நாலடி நடந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த தடவை எவனாவது சோதனை போட வந்தா, அதன் வாய்ப் பக்கம் விடாதே. கடிக்கும்னு சொல்லு. அதுவும் பர்மாவுல பழகினதுதான்."