மாடியில் ஒரு படையல்

மாடியில் இருந்த மெக்சிகோ ஹோட்டலின் ஜன்னலோரம், முதலாளி தன் ஊர் வழக்கப்படி, இறந்துபோன அப்பாவுக்குப் படையல் வைத்திருந்தார். அப்பாவின் படம், செண்டுமல்லிப் பூ, இனிப்பு ரொட்டி, காவலுக்கு இருப்பதுபோல் சர்க்கரையில் செய்த ஒரு மண்டையோடு.

காக்கா வந்து உட்கார்ந்தது. "தள்ளு, தள்ளு. நான் சாப்பிட்டால்தான் பெரியவருக்குப் போய்ச் சேரும்."

"எங்கள் ஊரில் அப்படி இல்லை," என்றது மண்டையோடு. "இன்றைக்கு அவரே நேரில் வந்து சாப்பிடுவார்."

"நேரிலா? நடுவில் யாருமே கிடையாதா?"

"எதற்கு?"

காக்காவின் பிழைப்புக்கே ஆபத்து. பரம்பரைத் தொழில் ஆயிற்றே! தலையைச் சாய்த்துக் கொஞ்சம் யோசித்தது.

"அவரைக் கீழே வாசலில்தான் பார்த்தேன். மூட்டு வலியாம், மாடி ஏற முடியவில்லையாம்."

"அய்யோ! அப்புறம்?"

"பார்சல் கேட்டார்."